பதினோரு மணிக் கதவு

1. கையெழுத்து

"நீங்க ஆக்சஸ் கார்டைப் பேன்ட்ரியில மறந்து வச்சிட்டுப் போயிட்டீங்க. அவ எடுத்துக் கதவைத் திறந்துட்டா. அவ்வளவுதான் பிரேமா. எழுதிக் கொடுங்க" என்றார் ரகுராமன்.

எழுதினேன். ஆங்கிலத்தில், ஒரு பிழைகூட இல்லாமல். அதில் ஒரு வரிகூட உண்மையும் இல்லை.

செகந்திராபாத்துக்குப் பக்கத்து மாதாப்பூரில் பாறைகளை உடைத்துக் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அப்படி ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் நான் வாய்ஸ் அண்ட் ஆக்சென்ட் டிரெய்னர். கால் சென்டரில் அமெரிக்கர்களோடு பேசப்போகிற பிள்ளைகளுக்கு அமெரிக்க உச்சரிப்பு சொல்லித் தருவது வேலை. வயது இருபத்தெட்டு. ஊர் நாகர்கோவில், ஜாகை ஹப்சிகுடாவில் ஒரு பெண்கள் விடுதி. ரகுராமன் என் மேனேஜர், சென்னைக்காரர். ஆபீசில் என்னோடு தமிழ் பேசியவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருத்தி, எந்தப் பெண்ணைத் திருடி என்று எழுதிக் கொடுத்தேனோ, அவள்.

2. லூர்து

லூர்து எங்கள் மாடியின் ஹவுஸ்கீப்பிங். செகந்திராபாத் லாலாகுடாவில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். தாத்தா பட்டாளத்துச் சமையல்காரராக வந்தவராம். நாற்பது வயதிருக்கும். என்னை டீச்சர் என்பாள்.

வேலைக்கு வரும் பிள்ளைகள் இந்த ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்சி அறைகளை இரண்டு மணிக்கொரு முறை சுத்தம் செய்தாக வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒரு சார்ட் தொங்கும். அதில் சுத்தம் செய்தவள் டிக் போட வேண்டும், பக்கத்தில் டிரெய்னர் இனிஷியல் போட வேண்டும். டிக் விட்டுப்போனால் அவளுக்கு மெமோ. ஆனால் லூர்து மாதிரி ஏஜென்சி அனுப்பும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஆக்சஸ் கார்டு கிடையாது. வேறொருவர் கார்டில் நுழைந்தால் அதற்கு டெயில்கேட்டிங் என்று பெயர். நுழைந்தவருக்கும் நுழையவிட்டவருக்கும் வேலை போகும். ஆகவே அவள் கண்ணாடியைத் தட்டுவாள், யாராவது திறந்துவிடுவோம். எல்லோரும் தினமும் திறந்தோம். கேட்டால் ஒருவரும் திறந்ததில்லை.

"கைக்கு டீச்சர் இவ்ளோ பெரிய பூட்டு? உள்ள கெடக்கிறது குப்பைதானே" என்று சிரிப்பாள். 'கைக்கு' என்றால் அந்த ஊர் உருதுவில் 'எதுக்கு'.

அந்தப் புதன்கிழமை கிளையன்ட் தரப்பிலிருந்து ஒரு அமெரிக்கப் பெண்மணி வந்து என் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கையில் சின்ன டிஜிட்டல் கேமரா. தேநீர் இடைவேளையில் அறை காலி. நான் வெளியே நின்றிருந்தேன். பதினோரு மணிக்கு லூர்து வந்தாள், என் கார்டில் திறந்தேன், கூடவே உள்ளே போனேன். அவள் கூடையைக் காலி செய்து, பலகையைத் துடைத்து, டிக் போட்டாள். நான் இனிஷியல் போட்டேன். இருவரும் வெளியே வந்தோம். மொத்தம் நாலு நிமிடம்.

இடைவேளை முடிந்ததும் கேமராவைக் காணோம் என்றார் அம்மையார்.

ரகுராமனிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். இதை அழுத்திச் சொல்கிறேன்: அவருக்குத் தெரியும்.

"அப்போ நீங்கதான் டெயில்கேட்டிங் பண்ண விட்டிருக்கீங்க. கிளையன்ட் இருக்கிற அன்னைக்கு. உங்க ஆன்சைட் ட்ரிப் என்ன ஆகும், யோசிச்சீங்களா?" குரலைத் தாழ்த்தினார். "அவ கான்ட்ராக்ட் ஆளும்மா. இங்க இல்லன்னா இன்னொரு பில்டிங். உங்களுக்கு அப்படியா?"

அடுத்த மாதம் ஆறு வாரம் அமெரிக்கா போகவிருந்தேன். விசா குத்தின பாஸ்போர்ட் தலையணைக்கடியில் இருந்தது.

கையெழுத்துப் போட்டேன். மதியம் லூர்துவை செக்யூரிட்டி இருவர் சர்வீஸ் லிஃப்டில் இறக்கிக்கொண்டு போனார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் கையிலிருந்த அட்டெண்டன்ஸைப் பார்த்தேன்.

இன்று நினைத்தால் உடம்பு எரிகிறது. பொய் எழுதும்போது என் மனசாட்சி முனகக்கூட இல்லை. விதியை மீறிக் கதவைத் திறந்துவிட்டேனே என்றுதான் அது குத்திக்கொண்டிருந்தது. அப்படிப் பழக்கியிருந்தார்கள். பழகியிருந்தேன்.

3. ஆர்

உச்சரிப்புப் பயிற்சிக்கு ஒரு பழைய அமெரிக்க நாவலைச் சத்தமாக வாசிக்க வைப்போம். சின்ன ஊரொன்றில் வளரும் ஒரு பிள்ளை, பெரியவர்கள் கூடிச் செய்யும் அநியாயத்தைக் கண்டு மெல்ல மெல்ல மனசு முதிரும் கதை. வாசித்து முடித்ததும் கேள்வி கேட்போம்: இந்தப் பிள்ளை என்ன கற்றுக்கொண்டது? இருபத்துநாலு பேரும் அழகாகப் பதில் சொல்வார்கள். நீதி என்பார்கள், இரக்கம் என்பார்கள். நான் மார்க் போடுவேன், நீதிக்கல்ல, உச்சரிப்புக்கு.

வியாழக்கிழமை ஷபானா கை தூக்கினாள். டோலிச்சௌக்கியிலிருந்து வருகிறவள், படிப்பில் கெட்டி. "மேம், அந்த ஊர்ல உண்மை தெரிஞ்ச நெய்பர்ஸ் இருந்திருப்பாங்களே. அவங்க ஏன் வாயைத் திறக்கல?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

வகுப்பு என்னைப் பார்த்தது. கதவுக்குப் பின்னால் சார்ட் தொங்கிக்கொண்டிருந்தது. புதன், பதினோரு மணி: லூர்துவின் டிக், என் இனிஷியல். ஒரே கட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில்.

"நெய்பர்ஸ்ல ஆர் சரியா வரல ஷபானா. நாக்கு அடிக்கக் கூடாது, மடங்கணும். அகெய்ன்" என்றேன்.

அவள் திருத்திச் சொன்னாள். அந்தப் பிள்ளை முகம் சுருங்கியதை இன்னும் மறக்க முடியவில்லை.

4. கைதட்டல்

வெள்ளிக்கிழமை ரகுராமன் வகுப்புக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். கேமரா கிடைத்துவிட்டது. இடைவேளையில் அம்மையார் மாத்திரை எடுக்கக் கார் வரை போனவர், சீட்டுக்குப் பின்பக்கப் பையில் வைத்து மறந்திருக்கிறார். டிரைவர் கொண்டுவந்து கொடுத்தாராம். வகுப்பு கைதட்டியது. ரகுராமனும் தட்டினார்.

"லூர்து?" என்றேன்.

"யாரு?"

"திருடின்னு அனுப்பினோமே சார்."

"ஓ. அது ஏஜென்சி மேட்டர். அவங்க பிளாக்லிஸ்ட் பண்ணிட்டாங்க. இப்போ எடுத்தா உங்க ஸ்டேட்மென்ட் பொய்னு ஆகும். விடுங்க பிரேமா, ஃபைல் குளோஸ்டு."

கைதட்டல் இன்னும் ஓய்ந்திருக்கவில்லை. கதவுக்குப் பின்னால் போய் சார்ட்டைக் கிழித்தெடுத்தேன். வீரமெல்லாம் இல்லை, பயம்தான். ஆபீஸ் சொத்தைத் திருடுகிறோம் என்ற பயம், நிஜமாக.

"இதுல என் இனிஷியல் இருக்கு சார். நான் அந்த ரூம்லதான் இருந்தேன். புதுசா ஸ்டேட்மென்ட் எழுதறேன். லூர்து நிரபராதின்னு கம்பெனி லெட்டர் தரணும். இல்லன்னா இந்த சார்ட்டை அந்த அமெரிக்க அம்மாகிட்டயே கொடுத்துடுவேன்."

"பைத்தியமா உங்களுக்கு? ட்ரிப் போயிடும்."

"போகட்டும்."

ட்ரிப் போயிற்று. நாலு மாதத்தில் வேலையும் போயிற்று, வேறு காரணம் சொல்லி. கிளையன்ட் காதுக்குப் போய்விடும் என்ற பயத்தில் கடிதம் மட்டும் அன்று மாலையே கைக்கு வந்தது. மூன்று நாளாகச் செய்ய முடியாதது, மூன்று மணி நேரத்தில்.

5. லாலாகுடா

ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சில் பூசை முடிகிற நேரம் விசாரித்துப் போனேன். நெருக்கமான சந்து, எதிரெதிரே வீடுகள். லூர்து வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. கடிதத்தை நீட்டினேன்.

"இங்கிலீஷ்ல இருக்கு. படிங்க."

படித்தேன். என் வாய் தானாகவே அமெரிக்கா போய்விட்டது. எல்லா ஆரும் ஒழுங்காக மடங்கின.

"நக்கோ, வேணாம் டீச்சர்" என்று என் கையைத் தட்டிவிட்டாள். "அத வேற பில்டிங்குல காட்டிக்கிறேன். இந்தச் சந்துக்கு இங்கிலீஷ் தெரியாது. ஏஜென்சி ஆள் வந்து திருடின்னு கத்திட்டுப் போனதுலருந்து மூணு நாளா ஒருத்தரும் என்கூடப் பேசல. நான் திருடலன்னும், பொய் சொன்னது யாருன்னும் தெலுங்குல சொல்லுங்க. தமிழ்லயும் சொல்லுங்க. சத்தமா."

"இங்கயா?"

"ஹவ், இங்கதான். சர்வீஸ் லிஃப்டுல எறக்குனப்ப எல்லாரும் பாத்தாங்கல்ல? இதையும் பாக்கட்டும்."

சந்தின் நடுவில் நின்றேன். "லூர்து தொங்க காது" என்றேன், எனக்குத் தெரிந்த தெலுங்கில். அவள் திருடியில்லை. பிறகு தமிழில்: "கதவைத் திறந்தது நான். பொய் எழுதிக் கொடுத்ததும் நான்." ஊருக்கெல்லாம் குரல் பயிற்சி கொடுத்தவளுக்குக் குரல் கிழிந்து வந்தது.

ஜன்னல்கள் திறந்தன. லூர்து துணியை உதறிக்கொண்டே சொன்னாள்:

"எதிர் வீட்டுக்குக் கேக்கல டீச்சர். இன்னொரு வாட்டி."

இன்னொரு முறை சொன்னேன். அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான். கதவைத் திறந்துவிட்டதில் பெரிய தருமம் ஒன்றும் இல்லை, அதை யாரும் செய்வார்கள். நான்தான் திறந்தேன் என்பதை அன்றைக்கே, அந்த அறையிலேயே, சாதாரணக் குரலில் சொல்லிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் தெருவில் நின்று கத்த வேண்டிவரும். அப்போதும் எதிர் வீட்டுக்குக் கேட்காது.