அம்சம் பார்த்த வாட்டம்

அம்சம் இருபத்திரண்டு வருடம் சித்தாளாக இருந்தவர். தஞ்சாவூரிலும் வலங்கைமானிலும் எத்தனையோ வீடுகளின் தளத்துக்குக் கலவைச் சட்டி சுமந்திருக்கிறார். கொத்தனார் பூசும் கரணையை ஒருவரும் அவர் கையில் கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை.

போன வருடம் புரட்டாசியில், மேஸ்திரி நெடுஞ்செழியனோடு வலங்கைமானில் நூர்ஜஹான் வீட்டுக்கு வேலைக்குப் போனார். கணவர் லியாகத் அலி குவைத்தில் உழைத்துக் கட்டிய வீடு. கட்டி நாலு வருடம்தான் ஆகிறது. ஆனாலும் ஐப்பசி பிறந்தால் கூடத்தில் வாளி வைக்க வேண்டியிருந்தது. ஒழுகாமலிருக்க மொட்டை மாடியில் இரண்டு முறை பெயிண்ட் அடித்தும் பயனில்லை.

"பேசாம மேல தகர ஷீட் போட்டுருங்கம்மா," என்றார் மேஸ்திரி.

மாடியைக் கூட்டிக்கொண்டிருந்த அம்சத்தின் கண் தென்கிழக்கு மூலையில் நின்றது. அங்கே பாசி காய்ந்து வட்டமாகக் கறுத்திருந்தது. மழைத்தண்ணீர் இறங்கும் குழாயோ எதிர்மூலையில். அவரை அறியாமல் வாய் திறந்துவிட்டது.

"பெயிண்ட்ல தப்பில்லைங்க, வாட்டம்தான் தப்பு. தண்ணி குழாய்ப் பக்கம் போகாம இங்க தேங்குது. நாள்கணக்கா நின்னா எந்தத் தளத்துலயும் உள்ள இறங்கத்தான் செய்யும்."

"நீ கூட்டுற வேலையப் பாரு," என்றார் மேஸ்திரி.

நூர்ஜஹான் கீழே போய் ஒரு குடம் தண்ணீரோடு வந்தார். நடுமாடியில் ஊற்றினார். தண்ணீர் குழாய்க்கு முதுகைக் காட்டிவிட்டு நேரே பாசி வட்டத்தில் போய் நின்றது.

"அம்சம், நீங்களே இதைச் சரிபண்ணிக் கொடுங்க."

"நான் சித்தாளுங்கம்மா. கரணை பிடிச்சதில்ல."

"கண்டுபிடிச்சது நீங்கதானே?"

நெடுஞ்செழியன் தன் ரசமட்டத்தை அந்த மூலையில் வைத்து, தளம் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்தார். பிறகு அதை அம்சத்திடம் நீட்டினார். "நீ போடு. நான் கூட நிக்கிறேன்."

பழைய மேல்பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். நூல் கட்டி, பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் இறக்கம் வைத்து, மூலையிலிருந்து குழாயை நோக்கி அம்சம் கலவையை இழுத்தார். சுவரும் தளமும் சேரும் இடத்தில் தண்ணீர் தங்காதபடி வளைவாகப் பூசினார். முதல் நாள் ஒவ்வொரு இழுப்புக்கும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் கண்ணே போதுமாயிருந்தது.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலை நூர்ஜஹான் போன் செய்தார்.

"கூடத்துல உக்காந்துதான் பேசுறேன். ஒரு சொட்டு இல்ல. அல்லாஹ் உங்களை நல்லா வைக்கணும்."

"அன்னிக்கு நான் சொன்னதைக் கேட்டீங்களேம்மா, அதுக்கு நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்," என்றார் அம்சம்.

அதன் பிறகு குத்தாலம் வரைக்கும் மாடி வேலைக்கு அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அனுப்பிவைப்பவர் பெரும்பாலும் நெடுஞ்செழியன்தான்.

பங்குனியில் மகள் ஷமீராவின் நிக்காஹுக்கு நூர்ஜஹான் நேரில் வந்து அழைத்தார். பந்தியில் அம்சத்தைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து, நாத்தனாரிடம் சொன்னார்: "இவங்கதான் எங்க கொத்தனார்."

அம்சம் தட்டைப் பார்த்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால் கண் காட்டிக்கொடுத்துவிடும்.