குப்பைமேனிக்கு வைத்த சோதனை

மலாய் நாட்டில், குளுவாங் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அப்போது நான் டிரெசர். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது, வெள்ளைக்கார டாக்டர் துரை வரும் நாளில் மட்டும் சட்டைப் பொத்தான்களை எல்லாம் மாட்டிக்கொள்வது என் வேலை.

ஆஸ்பத்திரி வேலைக்காரி ஆயா எனக்குத் தெரியாமல் நோயாளிகளின் கால் புண்ணில் குப்பைமேனிச் சாறு தடவிவந்தாள். துரை பார்த்துவிட்டார். சீழில் உள்ள கிருமியை அந்தச் சாறு தடுக்கிறதா என்று சோதித்து வை, தடுக்காவிட்டால் அடுத்த சனிக்கிழமை ஆயாவின் சீட்டு கிழியும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சீனர் கடைக் கடல்பாசியை ஆட்டுக்கறிச் சாற்றில் காய்ச்சி, நான்கு கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி உறையவிட்டேன். மேலே சீழைத் தீற்றி, நடுவில் குழி தோண்டி, மூன்றில் கொதிக்கவைத்த இலைச்சாறும் ஒன்றில் வெறும் தண்ணீரும் விட்டேன். தண்ணீர்த் தட்டில் கிருமி மண்ட வேண்டும். இலைச்சாற்றுத் தட்டில் குழியைச் சுற்றி மண்டாமல் இருந்தால் ஆயா பிழைத்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் நான்கும் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. தண்ணீர் விட்டதும்கூட.

எனக்கு உடனே ஆயாமேல் சந்தேகம். தரை கழுவும் லைசால் கிருமிக்கொல்லியைக் கலந்துவிட்டாளோ? இலைச்சாற்றுக் குப்பியை முகர்ந்தேன், இலை வாசம்தான். லைசால் அலமாரி பூட்டியிருந்தது, சாவி என் அரைஞாணில்தான் தொங்கியது. சந்தேகப்படுவதற்குச் சாவி எதற்கு?

"கையக் காட்டு, ஆயா."

"எதுக்குங்க?"

"மோந்து பாக்கணும்."

"பாத்துக்குங்க. காலையில கருவாடு கழுவுனேன். அதையும் தொரைகிட்டச் சொல்லிடுங்க."

கருவாடுதான் மணத்தது. அவள் ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"என்னங்கய்யா, மஞ்சளா இருக்கு?"

"கறிச்சாறு அப்படித்தான் இருக்கும்."

"கறிய யாரு கழுவுனா?"

"நான்தான். எல்லாரும் கழுவுற மாதிரிதான், ரெண்டு கை மஞ்சப்பொடி போட்டு…"

மஞ்சளே கிருமியைக் கொல்லும் என்று அப்போதுதான் உறைத்தது.

"கிருமி திங்கிற கறிக்கும் கவிச்சி போகணுமாங்கய்யா? என் சீட்டக் கிழிக்கத் தொர எதுக்கு, நீங்க ஒரு ஆளே போதும்."

மறுபடி கறி வாங்கி வெறும் தண்ணீரில் கழுவினேன். ஆயா பக்கத்திலேயே நின்று என் கைகளைக் காவல் காத்தாள்.

சனிக்கிழமை துரை வந்தபோது தண்ணீர்த் தட்டில் கிருமி மண்டிக் கிடந்தது. மற்ற மூன்றிலும் குழியைச் சுற்றி நகத்தளவு வெறும் வளையம். துரை நம்பவில்லை. தட்டை முகர்ந்தார். ஆயாவின் கையை முகர்ந்தார். என் கையைக் கேட்டபோது ஆயா முந்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த மலாயில் மஞ்சள் கதையை ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

துரை சிரிக்கவில்லை. ஆயா இருக்கலாம், ஆனால் சாற்றை டிரெசரின் கண்ணெதிரில்தான் தடவ வேண்டும் என்றார். நான் கறி கழுவினால் அது ஆயாவின் கண்ணெதிரில் நடக்க வேண்டுமாம்.