பற்றரியைக் குடித்தவன்

ஈளை பிடித்த ஆட்டுக் கிடாய் கத்தத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் எங்கள் அப்பாவின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் காலை ஏழு மணிக்கு ஒலித்து ஓயும். மட்டக்களப்பில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த அப்பா, அந்தப் பழைய வண்டியை வாங்கிப் பதினேழு நாள் ஆகியிருந்தது. உதைத்தால் எஞ்சின் கிளம்பிவிடும், அதற்குப் பற்றரி தேவையில்லை. ஹோர்னுக்கும் விளக்குக்கும்தான் வேண்டும். அந்தப் பற்றரியோ மாலையில் வீடு வரும்போது உயிரோடிருந்து, விடியும்போது செத்துக் கிடந்தது.

"இரவில ஆரோ குடிக்கிறான்" என்றார் அப்பா, என்னைப் பார்த்தபடி.

எனக்கு ஒன்பது வயது. ஹோர்னை நான் அழுத்தியது உண்மை. நாளுக்கு மூன்று தரம், சத்தம் வராதவற்றையும் சேர்த்துப் பதினேழு நாளில் ஐம்பத்தொரு தரம். தரத்துக்கு ஒரு விநாடி என்றாலும் முழுவதும் ஒரு நிமிடம் ஆகாது. இதை விளக்கினால் விடுதலை கிடைக்கும் என்று நம்பி எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

"பாத்தியா, கணக்கு வெச்சிச் செய்திருக்கான்!" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிப்பார்களாம். அப்பா முதலில் கழற்றியது என்னை. வெள்ளிக்கிழமை பற்றரியைக் கடையில் "சார்ஜுக்குப் போட்டு" எடுத்து வந்து வண்டியில் பூட்டிவிட்டு, என்னைத் தன்னாமுனையில் பெரியம்மா வீட்டுக்கு பஸ் ஏற்றினார். ஞாயிறு மாலை நான் திரும்பியபோது, வாவியின் அக்கரைக்குக் கேட்கும்படி ஹோர்னை நான்கு தரம் அடித்துக் காட்டினார்.

"ரெண்டு நாளும் வண்டி ஓடவும் இல்லையே அப்பா" என்றேன்.

"வாயப் பாரு!"

திங்கட்கிழமை அவர் வண்டியில் கந்தோருக்குப் போய் வந்தார். செவ்வாய் காலை ஹோர்ன் மூச்சுவிடவில்லை. "வந்த கையோட தொடங்கிட்டான்" என்று தீர்ப்பானது: சனிக்கிழமை அமிர்தகழித் திருவிழாவுக்கு நான் போகக்கூடாது. போன வருடம் அம்மை கண்டு போகவில்லை. இதுவும் போனால் இரண்டு வருடம். அந்த வயதில் இரண்டு வருடம் என்பது ஆயுளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

அன்று மாலை அப்பா கந்தோரால் வரும்போது, பின்னால் டொமினிக் அண்ணனை ஏற்றி வந்தார். டொமினிக் அண்ணன் போர்த்துக்கேய வழிவந்த நகரத்துப் பறங்கியர், மோட்டார் திருத்துபவர். வண்டியைத் திருத்த அல்ல, ஹோர்ன் பொத்தானுக்கு ஒரு பூட்டுப் போடத்தான் அப்பா அவரை அழைத்திருந்தார்.

"பூட்டுப் போடலாம் ஐயா, முதல்ல கள்ளனைப் பாப்பம். இவரா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "மனே, ரெண்டு கையையும் தூக்கிட்டு அந்த மாமரத்தடியில போய் நில்லு."

பதினான்கு அடி தள்ளிப்போய்க் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். எஞ்சின் நிறுத்தப்பட்டிருந்தது, விளக்கும் அணைந்திருந்தது. அவர் பற்றரியின் ஒரு கம்பியைக் கழற்றி, மறுபடி அதன் இடத்தில் மெல்லத் தொட்டார். படக்கென்று நீலப் பொறி பறந்தது.

"ஒண்டும் எரியாம நிக்கிற வண்டியில இது வரப்படாது ஐயா. ஆரோ குடிக்கிறான்தான்."

அப்பா சட்டென்று என் கைகளைப் பார்த்தார். இரண்டும் மேலேதான் இருந்தன.

டொமினிக் அண்ணன் ஒரு சிறிய கறுப்புப் பெட்டியைத் திருப்புளியின் பிடியால் தட்டிவிட்டு மறுபடி கம்பியைத் தொட்டார். பொறி வரவில்லை. "இதுதான் கட்டவுட். டைனமோவுக்கும் பற்றரிக்கும் நடுவில இருக்கிற கதவு. வண்டி ஓடக்குள்ள திறந்து கரண்டை உள்ள உடும், நிண்டா மூடவேணும். இதுக்குள்ள முனை கரிஞ்சி ஒட்டிப்போகுது. கதவு மூடல்ல, பற்றரியில இருக்கிறதெல்லாம் திரும்பி டைனமோவுக்க போயிருது. வண்டி ஓடாட்டி இந்த வருத்தமும் வராது. பிள்ளையும் அதத்தான் சொன்னானாமே, வழியில நீங்களே சொன்னீங்க?"

"அவன் எல்லாந்தான் சொல்லுவான்" என்றார் அப்பா.

"கையை இறக்கு மனே" என்று சொன்னது டொமினிக் அண்ணன்தான். அப்பாவுக்கு அது தோன்றவேயில்லை. அம்மா மட்டும், "பூட்டை உங்கட வாய்க்குப் போடச் சொல்லுங்க" என்றுவிட்டு உள்ளே போனாள்.

முனைகளை அரத்தாள் போட்டுத் தேய்த்ததும் மறுநாள் காலை ஹோர்ன் தெருவை எழுப்பியது. அப்பா மன்னிப்புக் கேட்கும் சாதியில்லை. ஹோர்னை இன்னொரு தரம் அடித்துப் பார்த்துவிட்டு, "அப்ப அந்த ஐம்பத்தொண்டு?" என்றார். தீர்ப்பு மாறியது: "இனி ஹோர்னைத் தொடமாட்டேன்" என்று ஐம்பத்தொரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு அமிர்தகழிக்குப் போனேன். உண்மையில் எழுதியது ஐம்பத்திரண்டு; ஒன்றை அவர் எண்ணத் தவறிவிட்டால் என்ன செய்வது?

போன மாதம் பேரனின் மோட்டார் சைக்கிளும் பற்றரி இறங்கி நின்றுவிட்டது. ஒரு இளைஞன் வந்து மீற்றரை வைத்துப் பார்த்து, மூன்று நிமிடத்தில் ரெகுலேற்றர்தான் பிழை என்றான். இப்போது கதவுமில்லை, பொறியுமில்லை, யாரும் கையைத் தூக்கவும் வேண்டியதில்லை. பேரன் வேலைக்குப் போகாத நாட்களில் நான் திறப்பைச் சாவித்துளையில் போட்டுத் திருப்பிப் பார்ப்பதுண்டு. அந்த மாதத்தில் ஒன்பது தரம். அதைச் சொல்லிவிடுவது நல்லதென்று தோன்றியதால் சொன்னேன்.

"அதால ஒண்டும் வராது தாத்தா" என்றான் அந்த இளைஞன், நிமிர்ந்தும் பாராமல். "நீங்க கதிரையை நிழலுக்க இழுத்துப் போட்டு இருங்க."

இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். ஒரு பழுதுக்கு என்னைச் சந்தேகிக்கக்கூடியவர் எவரும் இப்போது உயிரோடில்லை.