அக்காவின் கூந்தலும் ஈரல் எண்ணெயும்

மீன் ஈரல் எண்ணெய் பெறுபவர் வேறெந்தச் சத்து மருந்தையும் உட்கொள்வாராயின், முதற் கரண்டிக்கு முன்பே அதை மருந்துச்சாலையில் தெரிவித்தல் வேண்டும். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் திருகோணமலைத் துறைமுகத் தொழிலாளர் மருந்துச்சாலையில் இருந்த விதி இது. ஆங்கிலத்தில் அழகாக அச்சடித்துக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்தார்கள். வேலை நேரத்தில் அந்தக் கதவு சுவரோடு சாய்ந்து திறந்திருக்கும். ஆகவே பூட்டிய மருந்துச்சாலைக்குள் அகப்பட்டுக்கொண்டவர் மட்டுமே விதியை வாசிக்கலாம்.

நான் அப்போது துறைமுகத்தில் கடிதம் எழுதுகிற இளம் இலிகிதன்; அதனால் எங்கள் வீட்டாருக்கும் அங்கே மருந்து கிடைத்தது. ஜப்பான்காரரின் குண்டு விழுந்ததும் கிளிவெட்டிக் கிராமத்துக்கு ஓடி, அங்கே மலேரியாவை வாங்கிக்கொண்டு பாலையூற்றுக்குத் திரும்பிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. காய்ச்சல் எல்லோரையும் விட்டுப் போனது. போகும்போது அக்காவின் பாதி உடம்பையும் கொண்டுபோனது. அந்த நேரம் பார்த்து நிலாவெளியிலிருந்து கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சுறா பிடிக்கிறவர்கள். அக்கா அவரைக் கோயிலில் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து அன்று முழுவதும் குசினியில் பாடிக்கொண்டிருந்தாள். "பிள்ளை கொஞ்சம் தேறட்டும், ஆவணியில வைப்பம்" என்று மாப்பிள்ளையின் தாயார் சொல்லிவிட்டுப் போனார்.

தேற்றும் பணி தொடங்கியது. உடம்பு தேறக் கொடுப்பதை வெளியே சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. ஆகவே அவரவர் இரகசியமாகக் கொடுத்தார்கள். அம்மா காலையில் சுறா ஈரல் வறை கொடுத்தார். கடற்படைச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்த சித்தப்பா, மாலுமிகளிடம் வாங்கிய விற்றமின் குளிசைகளை மாலையில் கொடுத்தார். மருந்துச்சாலையில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஐயா தன் முன்னாலேயே ஒரு பெரிய கரண்டி எண்ணெயைக் குடிக்க வைத்தார். நிலாவெளியிலிருந்து மாப்பிள்ளை வீட்டுச் சுறா எண்ணெய் போத்தலில் வந்தது. சொல்லாதே என்று வீட்டில் ஒவ்வொருவரும் சத்தியம் வாங்கியிருந்ததால் அக்காவும் வாயைத் திறக்கவில்லை, விழுங்குவதற்குத் தவிர.

பிறகு அவளுக்குத் தலையிடி வந்தது. உதடு வெடித்தது, உள்ளங்கைத் தோல் உரிந்தது, சீப்பில் மயிர் கொத்தாக வந்தது. சத்துக் காணாது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவு செய்து அளவைக் கூட்டினார்கள். இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல் எலிவால் ஆகிக்கொண்டிருந்தது. ஆவணியில் மணவறையில் எப்படி இருப்பது என்று அக்கா அழுதாள். எல்லோருமாக அப்போதிக்கரியிடம் போனோம்.

"வேற ஏதும் குடுக்கிறனீங்களோ?" என்று அவர் கேட்டார்.

"இல்லை ஐயா, சோறு கறிதான்" என்றார் அம்மா. சித்தப்பா கூரையைப் பார்த்தார்.

அக்கா வெடித்தாள். "பொய்! அம்மா ஈரல் தாறா, சித்தப்பா குளிசை தாறார், நீங்கள் கரண்டியால ஊத்துறீங்கள், நிலாவெளியால போத்தல் வருது. நான் மனிசியோ, எண்ணெய்ப் பீப்பாவோ?"

அம்மா சித்தப்பாவின் பக்கம் திரும்பினார். "தம்பி, நீரும் குடுத்தனீரோ?"

"நீங்கள் மட்டும் எனக்குச் சொல்லிப்போட்டோ குடுத்தனீங்கள், அண்ணி?"

அப்போதிக்கரி மேசையில் தட்டினார். "நாலிலயும் இருக்கிறது ஒரே சத்துத்தான். மிஞ்சினால் மூத்திரத்தோட போற சாதியில்லை இது, ஈரலுக்குள்ள போய்க் குந்தியிருக்கும். வட துருவத்தில கரடி ஈரல் திண்ட வெள்ளைக்காரருக்கும் இப்பிடித்தான் தோல் உரிஞ்சதாம். எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ, மயிர் திரும்ப வரும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "என்ர கரண்டியை மட்டும் நான் நிப்பாட்டேலாது. அது மேலிடத்துக் கட்டளை. எழுதிக் கேக்க வேணும்."

முறைப்படி நானே எழுதினேன், மூன்று பிரதிகளில். "நீ எழுது, நான் வாயை மூடுறன்" என்றாள் அக்கா. அந்தக் கரண்டிக்காக அவள் மறுபடி மருந்துச்சாலைப் பக்கம் போகவேயில்லை.

ஈரலும் குளிசையும் அன்றைக்கே நின்றன. நிலாவெளிப் போத்தல்தான் சிக்கல். "அதைத் திருப்பி அனுப்பினா கலியாணமும் திரும்பிப் போயிடும்" என்றார் அம்மா. வாங்கி இரகசியமாக ஊற்றிவிடலாம் என்றார் சித்தப்பா. இரகசியத்தில் அவருக்கு அப்போதும் நம்பிக்கை போகவில்லை.

"கட்டப்போற மனிசனுக்கு இப்பவே ஒளிக்கேலாது" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சைக்கிளில் போத்தலோடு வந்து கதிரையில் இருந்தார். பெண் முன்னால் வருகிற வழக்கம் அப்போது இல்லை. அக்கா வந்தாள். முக்காட்டை விலக்கித் தலையைக் காட்டினாள்.

"உங்கட எண்ணெய் நல்லதுதான். ஆனா மொட்டைப் பொம்பிளை வேணுமெண்டால் மட்டும் இன்னும் ரெண்டு போத்தல் கொண்டு வாங்கோ."

மாப்பிள்ளை தலையையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

"இதைக் குடிச்சனீங்களோ? நாங்கள் தோணிக்கெல்லோ பூசுறனாங்கள்! உங்கட வீட்டில எண்ணெய் குடிக்க ஆசையெண்டு ஆரோ சொல்லி அம்மா அனுப்பினவ. எங்கட வீட்டில ஒருத்தரும் தொடுறதில்லை."

"ஆர் சொன்னது?" என்றார் அம்மா. சித்தப்பா மறுபடி கூரையைப் பார்த்தார்.

அக்காவுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. மாப்பிள்ளை போத்தலைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டு, படியிறங்கும்போது சொன்னார்: "மொட்டையெண்டாலும் ஆவணிதான். நாள் மாத்தேலாது."

தலையிடி முதலில் போனது, பிறகு உதடு ஆறியது. உதிர்ந்த இடங்களில் புதுமயிர் முள்ளாக எழும்பி நின்றது. ஆவணியில் மணவறையில் பாதி சொந்தக் கூந்தலும் பாதி சவுரியுமாக இருந்தாள் அக்கா. பார்த்த சனம் கூந்தல் முழுவதும் அவளுடையதென்றே நினைத்தது. மாப்பிள்ளைக்குத் தெரியும், அதனால் இருவரும் தாலி கட்டும்போதும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மேலிடத்திலிருந்து பதிலும் வந்தது. நோயாளி பிற சத்து மருந்துகளும் எடுப்பாராயின் எண்ணெய்க் கரண்டியை உடன் நிறுத்த அனுமதி அளிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். அது வந்தது அதே ஆவணியில், கலியாணத்துக்குப் பின் நாலாம் நாள் சடங்கு நடந்த அன்று, மத்தியானப் பந்தி நேரம்.