ஊசி நடுவில் நின்ற கார்

பம்பாய் மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பஸ் நிறுத்தத்தில் நான் தினமும் நிற்கிற இடத்துக்கு அன்று காலை ராமமூர்த்தி வந்து நின்றார். அவர் பஸ்ஸில் வருகிறவர் அல்ல. எங்கள் ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் விஸ்வநாதனின் காரில், பின் ஸீட்டில் பேப்பர் படித்தபடி கோட்டைப் பகுதியிலுள்ள ஆபீஸுக்குப் போகிறவர். "இன்னிக்குக் கார் வராது சார்," என்றார். அது போதாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "விஸ்வம் சார் போயிட்டார். தூக்கத்துலயே," என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. என்ன செய்வது என்று தெரியாமல் இருவரும் ஏறிக்கொண்டோம். பைகுல்லா வரை உட்கார இடம் கிடைக்கவில்லை.

இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். விஸ்வம் சாரைப் புகழ ஆபீஸில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அவர் தயவில் மேலே போனவர்களை உட்கார்த்தி வைக்க ஒரு முழு பெஞ்சு வேண்டும். நான் அந்தப் பெஞ்சில் இல்லை. எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் ஒரு சின்னக் காரின் இன்ஜினில் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கலாம் என்பதைப் பற்றி மட்டுமே. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி வேறு எதையும் என்னால் சொல்ல முடியாது.

அந்தக் காருக்காக அவர் பெயர் பதிந்துவிட்டு எத்தனை வருஷம் காத்திருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். வந்த முதல் வாரத்திலேயே செம்பூரிலிருந்து கிளம்பி, மாட்டுங்காவில் ராமமூர்த்தியையும் என்னையும் ஏற்றிக்கொண்டார். எனக்கு முன் ஸீட். நான் ஆட்டோமொபைல் டிப்ளமா படித்தவன் என்பதற்காக அந்த மரியாதை. அந்தப் படிப்புக்கு உலகம் எனக்குக் கொடுத்தது ஸ்டோர்ஸ் பிரிவில் ஒரு குமாஸ்தா நாற்காலி. விஸ்வம் சார் கொடுத்தது ஒரு பட்டம். "ஓய் இன்ஜினீயர்வாள், ஏறும்," என்பார். ராமமூர்த்தி பின்னால் பேப்பருக்குள் சிரிப்பார்.

தாராவியில் அவருக்கு ஒரு மெக்கானிக் வாய்த்திருந்தார். திருநெல்வேலிக்காரர், முருகேசன் என்று பெயர். புது வண்டி கைக்கு வந்ததும் இன்ஜினிலிருந்து அவர் முதலில் கழற்றி எறிந்தது தெர்மோஸ்டாட்டைத்தான். இன்ஜினைச் சுற்றியுள்ள தண்ணீர் சுமார் எண்பது டிகிரி சென்டிகிரேடுக்கு வரும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் நிறுத்திவைக்கும் சின்ன வால்வு அது. "சீமையில பனி பெய்யுதுன்னு அவன் வச்சிருக்கான். நம்ம வெயிலுக்கு இது என்னத்துக்கு சார்? இப்ப பாருங்க, வண்டி எப்பவும் தண்டா, ஜில்லுன்னு இருக்கும்," என்றார் முருகேசன். அவர் மட்டுமல்ல, அன்று பம்பாயில் பாதி மெக்கானிக்குகள் இதைத்தான் செய்தார்கள். செய்துகொண்டவர்கள் நல்லது நடந்ததாக நினைத்தார்கள்.

அதிலிருந்து விஸ்வம் சாருக்குக் காலையில் ஒரு சடங்கு. பைகுல்லா வந்ததும் டாஷ்போர்டில் விரலால் தட்டுவார். வெப்பம் காட்டும் ஊசி அடியில் படுத்துக் கிடக்கும். "பாரும். இன்ஜின் தண்டா, நாமும் தண்டா." இதை அவருடைய பொன்மொழி என்றே எழுதலாம். ஆபீஸிலும் தகராறு எதுவானாலும் அதைத்தான் சொல்வார். யாருக்கும் கோபம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் நிர்வாகம் என்று நினைத்தவர். எனக்கு வர வேண்டிய பதவி வேறொருவருக்குப் போனபோதும் என்னைக் கூப்பிட்டு அதையே சொன்னார்.

நான் விடவில்லை. சூடேறாத இன்ஜின் பெட்ரோல் குடிக்கும், ஆயில் களிம்பாகும், உள்ளே தேய்ந்துபோகும், ஊசி நடுவில் நிற்பதுதான் ஆரோக்கியம் என்று மாதக்கணக்கில் சொன்னேன். "உம்ம புஸ்தகத்துல ஆரோக்கியம். என் காருக்கு அது ஜுரம்," என்பார்.

"மனுஷ உடம்பு தொண்ணூற்றெட்டுல இருக்கு. அதை ஜுரம்னா சொல்றோம்?"

"தெர்மாமீட்டர்ல கோடு போட்டிருக்கான் ஓய். இதுல கோடு எங்கே, காட்டும்!"

காரின் வெப்பமானியில் உண்மையிலேயே எண்கள் இல்லை. ஒரு முனை குளிர், மறுமுனை சூடு, நடுவில் ஒன்றுமில்லை.

ட்ராம் நின்றுபோன வருஷம் பூனாவில் ஒரு தொழிற்சாலையிலிருந்து எனக்கு இன்டர்வியூ வந்தது. போக்குவரத்துப் பிரிவில் அதிகாரி வேலை. படித்த படிப்புக்கு ஏற்ற வேலை என்று எனக்கு வந்த ஒரே அழைப்பு அதுதான். என் வயதுக்கு இன்னொன்று வராது என்றும் தெரியும். ரயிலுக்கு டிக்கெட் வாங்கப் போனவனை விஸ்வம் சார் தடுத்தார். "கசங்கின சட்டையோட போய் நிப்பீரா? டிரான்ஸ்போர்ட் ஆபீசர் கார்லதான் போய் இறங்கணும். நான் கொண்டுவிடறேன்." அதோடு நிற்கவில்லை. "உமக்காக அந்த வால்வையும் திரும்பப் போடச் சொல்லிட்டேன். திருப்திதானே?"

எனக்குத் திருப்திதான். இதைவிட நல்லெண்ணத்தோடு யாரும் என்னைக் கெடுத்ததில்லை.

அன்று காலை ஸயன் தாண்டியதும் வழக்கம்போல் விரலால் தட்டினார். ஊசி எழுந்து நடுவில் நின்றது. அதன் இடம் அதுதான். அவர் முகம் வெளுத்துவிட்டது. பன்வேல் வரை மாட்டு வண்டி வேகத்தில் போனார். கோபோலியில் மலை ஏறத் தொடங்கியதும் ஊசி நடுவைவிட்டு ஒரு நூல் மேலே போனது. ஓரங்கட்டி நிறுத்தி, பானெட்டைத் திறந்துவிட்டு ஒரு பாறையில் போய் உட்கார்ந்தார்.

"சார், இது சரியான சூடு. ஏற்றத்துல இவ்வளவு இருக்கத்தான் செய்யும். ஓட்டுங்கோ."

"கொதிச்சு வெடிச்சா?"

"கொதிக்க இன்னும் எவ்வளவோ இருக்கு. நேரமாறது சார்."

"இன்டர்வியூ போனா இன்னொண்ணு வரும். இன்ஜின் போனா வராது ஓய்."

ஊசி அடியில் இறங்கும்வரை அவர் பாறையைவிட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்து ஓட்டினால் இரண்டு வளைவுக்குள் அது தன் இடத்துக்கு வந்துவிடும். மறுபடி ஒரு பாறை. லாரிக்காரர்கள் எங்களைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனார்கள். சாவியைக் கேட்டேன், தரவில்லை. லாரியில் தொற்றிக்கொண்டு போயிருக்கலாம். சலவைச் சட்டையும் டையுமாக லாரியில் ஏற எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தையும் அவர் கணக்கில்தான் எழுதிவைத்தேன்.

பூனாவில் தொழிற்சாலை வாசலில் காவலாளி, எல்லோரும் போய்விட்டார்கள் என்றான். விஸ்வம் சார் காரைவிட்டு இறங்கவில்லை. "அடுத்த தடவை பார்த்துக்கலாம்," என்றார். நான் ஸ்டேஷனுக்கு நடந்து, ரயிலில் திரும்பினேன். மறுநாள் ஆபீஸில் நுழையும்போது அவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார்: "மலையில வண்டிக்கு நல்ல ஜுரம். ஏதோ பொழச்சுது." எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் அந்தக் காரில் ஏறவில்லை. தினமும் காலையில் கிங்ஸ் சர்க்கிளில் அது மெதுவாகும். ஒரு சின்ன ஹாரன். நான் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கார் போய்விடும். மழை நாட்களில் இரண்டு ஹாரன். அவர் உயிரோடு இருந்தவரை இது நடந்தது. ஆபீஸில் பேசிக்கொண்டோம், ஃபைல்களைப் பற்றி.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு செம்பூருக்குப் போனேன். விஸ்வம் சாரின் மனைவி, எங்களுக்கெல்லாம் மாமி, அழுது ஓய்ந்திருந்தாள். கிளம்ப நான் எழுந்தபோது, "ஒரு உபகாரம் பண்ணணும். கார் அப்படியே நிக்கறது. கொஞ்சம் ஓட்டிவைக்கணும்னு எல்லாரும் சொல்றா. இங்கே ஓட்டத் தெரிஞ்சவா வேற யாரு இருக்கா?" என்று சாவியை நீட்டினாள். மலையில் நான் கேட்டு அவர் தராத அதே சாவி.

தனியாக ஓட்டிப்போனேன். ஸயன் வந்ததும் என் விரல், நான் சொல்லாமலே, டாஷ்போர்டில் போய்த் தட்டியது. ஊசி அடியில் இல்லை. எழுந்து நடுவில் நின்றது. போக்குவரத்தில் நின்றேன், வேகமாக ஓட்டிப்பார்த்தேன். அசையவில்லை. மலையிலிருந்து வந்த கையோடு அந்த வால்வைப் பிடுங்கி எறிந்திருப்பார் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது மாமியிடம் கேட்டேன்.

"அதை ஏன் கேக்கறேள்! முருகேசன் வர்றப்பல்லாம் கழட்டிடறேன் சார், கழட்டிடறேன் சார்ம்பான். இவர் விடமாட்டார். கைவெக்காதே, ஊசி நடுவுலதான் நிக்கணும், எங்க இன்ஜினீயர் சொல்லியிருக்கார்ம்பார். யாரு அந்த இன்ஜினீயர்னு நான் கேட்டதில்லை. நீங்கதானா?"

நான்தான் என்றேன்.

முருகேசனிடம் சொல்லியிருக்கிறார். மாமியிடம் சொல்லியிருக்கிறார். கிங்ஸ் சர்க்கிளில் கண்ணாடியை இறக்கி என்னிடம் சொல்ல மட்டும் அவருக்கு ஒரு நாளும் வாய் வரவில்லை. ஹாரன் அடித்தார். ஹாரனில் இதையெல்லாம் யார் கண்டுபிடிப்பது? ஒரு காலையாவது நான் ஏறியிருந்தால் கண்ணில் பட்டிருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். எனக்கு இப்போது அதில் வாதாடத் தெம்பில்லை.

அவரை மன்னித்துவிட்டதாக எழுதினால் மலருக்கு நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பூனா வேலை போனது போனதுதான், அது அவரோடேயே இருக்கட்டும். செம்பூருக்கும் ஸயனுக்கும் நடுவே ஒரு மத்தியானம், எண்களில்லாத அந்த மானியில் ஊசி சரியான இடத்தில் நின்றதைப் பார்த்தேன். எனக்கு அது போதும், அதை நான் வைத்துக்கொள்கிறேன்.