காய் பிடிக்காத பூசணிக்கொடி

அப்புத்தளையில் மரக்கறி கழுவி மூட்டை கட்டும் கொட்டகை எனக்குப் பின்னால் மூடுபனிக்குள் போய்விட்டது. காலையிலேயே முதலாளியோடு வாய்த்தகராறு. கொஸ்லந்தப் பக்கம் இறங்கும் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். பையில் ஒரு சாரம், இரண்டு சட்டை. வெல்லவாயப் பக்கம் கரும்பு வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதிலிருந்து இப்படி யாரோ சொன்னதை நம்பித்தான் நடக்கிறேன்.

வழியில் பெரியப்பா மகள் இருக்கும் தேயிலைத் தோட்டம். ஓர் இரவு படுத்துவிட்டுப் போகலாம் என்று, ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும் லயத்துப் பக்கம் திரும்பினேன்.

அக்கா மலையில் கொழுந்து எடுக்கப் போயிருந்தாள். அவள் புருஷன், மச்சான், காம்பரா வாசலில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். உர மூட்டையோடு சரிவில் விழுந்து இடுப்பு உடைந்த பிறகு அவருக்குத் தோட்டத்தில் வேலை கிடையாது, குனியவும் முடியாது. அப்படிப்பட்டவர் தேயிலை வெட்டும் கத்தியைத் தீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

விஷயத்தை அவரே சொன்னார். லயத்துக்குப் பின்னால் தேயிலை பட்டுப்போன சரிவைக் குடும்பத்துக்கு ஒரு துண்டாகத் தோட்ட நிர்வாகம் பிரித்துக் கொடுத்திருந்தது. விளைச்சல் இல்லாத துண்டைத் திரும்ப எடுத்து யூக்கலிப்டஸ் நடுவார்கள். வெள்ளிக்கிழமை தோட்டத்துத் தொரை பார்க்க வருகிறார். மச்சானின் துண்டு முழுக்கப் பூசணிக்கொடி. சுளகு அகலத்துக்கு இலை. காய் ஒன்றுகூட இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில் இருக்கும், லயத்தில் எல்லாரும் பெரியம்மா என்று கூப்பிடும் கிழவியின் துண்டில் மட்டும் இரண்டு மூன்று காய்கள் உருண்டு கிடந்தன.

"அவ கண்ணுதான் மாப்ள. நாளைக்கு அவ கொடிய வேரோட அறுக்கிறேன். யாருக்குமே வேணாம்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோபத்தை ஆற்ற வேறு வழி தெரியாமல், கொடியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். தணமல்விலப் பக்கம் ஒரு போகம், காடு வெட்டிப் பயிரிட்ட பூசணிச் சேனையில் கூலிக்கு இருந்திருக்கிறேன். அதில் தெரிந்தது கொஞ்சம். யூரியா கூடிவிட்டது என்றேன். அதை எப்போதோ நிறுத்திவிட்டாராம். தண்ணீரா என்று மண்ணைத் தோண்டினேன், ஈரமாகத்தான் இருந்தது. சுண்டைக்காய் அளவுப் பிஞ்சுகள் மஞ்சளாகி, தொட்டவுடன் கையோடு வந்தன. மேல் மலையில் மருந்தடித்ததிலிருந்து தேனீ குறைவு என்றார் மச்சான். அப்படியானால் பெரியம்மாவின் கொடியில் மட்டும் எப்படிப் பிடித்தது? மச்சான் கத்தியை விரல் நகத்தில் வைத்துக் கூர் பார்த்தார்.

சாயங்காலம் அக்கா வந்தாள். கூடையை இறக்கியவள் முகம்கூடக் கழுவாமல் நேரே துண்டுக்குள் இறங்கினாள். இரண்டு கையாலும், கொழுந்து எடுக்கும் அதே வேகத்தில், நீளக்காம்புப் பூக்களையும் மறுநாள் விரியவிருந்த மொட்டுகளையும் கிள்ளி எறிந்தாள்.

"என்னக்கா செய்ற?"

"காய்க்காத பூவ எடுக்கிறேன். காய்க்கிறதுக்கு அடியில குண்டு இருக்கும். இதுல ஒண்ணுமில்ல, சத்த மட்டும் உறிஞ்சுது."

தேயிலையில் வளர்ச்சி நின்றுபோன கொழுந்தை ஒடித்து எறிய வேண்டும். இல்லாவிட்டால் செடி தூங்கிவிடும், கங்காணி ஏசுவார். வயசுக்கு வந்ததிலிருந்து அவள் செய்வது அது. பெரியம்மா தேயிலை ஆலையில் கூட்டிப் பெருக்கியவர். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அதுதான் ஆண்பூ, அதன் தூள் மற்றதில் படாமல் பிஞ்சு நிற்காது என்று சொன்னேன். அக்கா தன் விரல்களைச் சேலையில் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"அவருகிட்ட சொல்லாத தம்பி. அடிக்கல்லாம் மாட்டாரு. அவரு எந்திரிச்சு உக்காந்திருக்கிறதே அந்தப் பொம்பள மேல உள்ள கோவத்துலதான். என்னாலதான்னு தெரிஞ்சா திரும்பப் படுத்துருவாரு."

சொல்லாமல் விட்டால் அவர் பெரியம்மாவின் கொடியை அறுத்துவிடுவார். ஆண்பூ இருந்ததோ அங்கே மட்டும்தான். ரொட்டி சாப்பிடும்போது பாதியைச் சொன்னேன்: நம் கொடியில் ஆண்பூ இல்லை, பெரியம்மா கொடியில் இருக்கிறது, அதை வெட்டினால் இதுவும் போச்சு.

"நம்மகிட்ட ஏன் இல்ல?" என்றார் மச்சான்.

நான் தட்டைப் பார்த்தேன். அக்காதான் பேசினாள். "நான் கிள்ளிப் போட்டேன்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். எழுந்து போய்ப் படுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமைக்குள்ள பிஞ்சு நிக்குமா?" என்று என்னைக் கேட்டார். நின்றாலும் நெல்லிக்காய் அளவுதான் இருக்கும், தொரை அதைக் காய் என்று ஒத்துக்கொள்வாரா தெரியாது என்றேன்.

தேனீ குறைந்த இடத்தில் ஆண்பூத் தூளைக் கையால்தான் தடவ வேண்டும். பூசணிப்பூ விடியலில் விரிந்து வெயில் ஏறுமுன் சுருங்கிவிடும். அந்த நேரத்தில் அக்கா, ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைக்குப் பேர் போடமாட்டார்கள், கூலி போய்விடும். மச்சானால் குனிய முடியாது. யார் செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை.

காலையில் அக்கா போன பிறகு பெரியம்மாவின் துண்டோரம் போய் நின்று, பூ வேண்டும் என்றேன்.

"கண்ணு வைக்கிறவ பூ மட்டும் இனிக்குதோ?" என்றார். எனக்குப் பின்னால் பார்த்தபடி, "கேக்க வேண்டியவன் வந்து கேக்கட்டும்" என்றார்.

திரும்பினேன். பட்டுப்போன தேயிலைக் கட்டைகளைப் பிடித்துப் பிடித்து மச்சான் சரிவில் வந்துகொண்டிருந்தார். ஓரிடத்தில் கால் வழுக்கியது. நான் போகவில்லை, பிடித்திருந்தால் ஏசியிருப்பார். எல்லைக்கு வந்து, கொடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பூ குடுங்க பெரியம்மா."

பெரியம்மா முகத்தை என் பக்கம் திருப்பினார். என்னிடம் சொன்னார்: "வேணுங்கிறத கிள்ளிக்க. ஆனா என் பக்கமும் தடவி விடணும். இந்த முதுக வச்சுக்கிட்டு நான் எங்க குனியிறது?"

சரி என்றேன். கரும்பு வெட்டப் புறப்பட்டவன் அன்று காலை எடுத்துக்கொண்ட வேலை அதுதான். ஆண்பூவின் இதழ்களை உரித்தேன். அடியில் குண்டு உள்ள பூவைத் தேடி உள்ளே மெதுவாகத் தடவினேன். மழை இறங்காமல் இதழ்களைக் குவித்து வாழைநாரால் கட்டினேன். மச்சான் மேலே நின்று கம்பால் காட்டினார்.

"அந்தா, எலைக்கு அடியில ஒண்ணு. அங்கிட்டு இல்ல, இங்கிட்டு."

பனி விலகி வெயில் முதல் வரிசை இலைகளில் விழத் தொடங்கியிருந்தது. நான் அடுத்த கொடிக்கு நகர்ந்தேன்.