துள்ள முடியாதவர்

அகராதி அலுவலகத்தில் அவரை ‘அகராதி அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். ‘அகராதி பிடிச்சவ’ என்று புகுந்த வீட்டில் முன்பே பட்டம் வாங்கியிருந்ததால் அக்காவுக்கு அது புதிதாகவும் இல்லை. ஸ்பானிய-தமிழ் அகராதிக்காகப் பத்தொன்பது வருடம் அட்டை அட்டையாக எழுதி, ‘ஹூபிலோ’ என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

பெருமகிழ்ச்சி என்று போட்டால் போதாது. அந்தச் சொல்லில் மகிழ்ச்சி உடம்பை விட்டு வெளியே வர வேண்டும். கத்த வேண்டும், குதிக்க வேண்டும். குதூகலம் என்று எழுதினார், சின்னப்பிள்ளைத்தனமாகப் பட்டது. களிப்பு என்று எழுதினார். செய்யுள் வாடை அடித்தது.

“மகிழ்ச்சின்னே போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்கம்மா,” என்றார் பதிப்பாசிரியர்.

“வெளிய தெரியணும் சார். உள்ளேயே வச்சுக்கிட்டா அதுக்கு வேற சொல் இருக்கு.”

“அப்ப நல்ல எடுத்துக்காட்டா ஒண்ணு எழுதுங்க.” எழுதிக் கொடுத்த நான்கையும் உயிரில்லை என்று திருப்பிவிட்டார்.

அந்த வாரம்தான் மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஒன்பது வருடமாக எல்லோரும் கேட்டுக் கேட்டு, கேட்பதையே விட்டுவிட்டிருந்தார்கள். மருமகன் போனில் சொன்னதும் அக்கா ஈரக் கையோடு உள்அறைக்கு ஓடினார். கணவர் லாரிப் பட்டறைக்காரர். ஒரு காலத்தில் அவர் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். பக்கவாதம் வந்த மூன்று வருடமாகக் கட்டில்தான். முகத்தில் ஓர் அசைவும் கிடையாது.

“என்னங்க, பேத்தி பொறந்திருக்கா. காதுல விழுதா?”

அவர் பார்த்தார். அல்லது கண் அந்தப் பக்கம் இருந்தது.

“தெரிஞ்சா என் விரலை அழுத்துங்க.”

விரலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழியும் வாசம் வந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. விரலை யாரும் அழுத்தவும் இல்லை.

மறுநாள் அட்டையில் எழுதினார்: ‘பேத்தி பிறந்த செய்தி கேட்டுத் தாத்தா ஹூபிலோவில் துள்ளினார்.’

பதிப்பாசிரியர் இரண்டு முறை படித்தார். “இதுதாம்மா. கண்ணால பாத்த மாதிரி இருக்கு.”

அக்கா அடுத்த அட்டையை எடுத்தார்.

இரண்டு மாதத்தில் அகராதி வேலையை நிறுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அட்டைகளைச் சாக்கில் கட்டிக் கிடங்கில் போட்டார்கள். அக்காவுக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

தட்டச்சுப் பெண் கேட்டாள்: “ரிட்டயர்மென்ட்டுக்கு ஸ்பானிஷ்ல என்னக்கா?”

“ஹூபிலாசியோன்.”

“அந்தச் சந்தோஷச் சொல் மாதிரியே இருக்கே.”

“ஒரே குடும்பம்தான்,” என்று அக்கா பையை எடுத்துக்கொண்டார்.

குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபின் மகள் கொண்டு வந்தாள். அப்பாவின் மார்பில் படுக்க வைத்து, கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டாள். குழந்தை அவர் தாடையைப் பிறாண்டியது. எச்சில் வழிந்தது, யாருடையது என்று தெரியவில்லை. அவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

“அப்பாவுக்குத் தெரியுதாம்மா?”

மகள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியுதுடி. எனக்குத் தெரியாதா அவர” என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்து இருவர் வாயையும் துடைத்தார்.